பெருங்களத்தூர் பெற்ற ஹெரால்டு: பழைய காரின் உள்ளுறுப்புகளை மாற்றும் கலை

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர்

ஒரு பழைய காரின் உடல்நிலையை அதன் வெளிப்பூச்சைக் கொண்டு அறிய இயலாது. புது வண்ணம் பூசிவிட்டால் எந்தக் கிழவண்டியும் ஒருநாள் மாப்பிள்ளை அழைப்புக்கு உதவும். கதவைத் திறந்து உள்ளே அமர்ந்து, காலடியிலும் கைக்கெட்டும் தொலைவிலும் உள்ள உறுப்புகளைப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். முன்பலகை உப்பியிருக்கிறதா? கியர்க் கம்பியைச் சுற்றியுள்ள மூடி வெடித்திருக்கிறதா? பெட்ரோல் முள் சொல்வது மெய்யா, பொய்யா? இக்கேள்விகளுக்கு விடை காண்பதும், பழுதான உறுப்புகளை முறைப்படி மாற்றுவதும் எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இப்பொருளில் நம் மாவட்டத்தாருக்குத் தனி உரிமை ஒன்று உண்டு. விடுதலைக்கு அடுத்த ஆண்டாகிய 1948இல் சென்னையில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம், வண்டலூரை அடுத்த பெருங்களத்தூர்ப் பகுதியில் தன் தொழிற்சாலையை நடத்தியது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2019இல் உருவான இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் அடங்கியுள்ளது. வங்கத்து உத்தர்பாராவில் அம்பாசிடரும் பம்பாயில் ஃபியட்டும் உருவான காலத்தில், தென்னாட்டின் பெயர் சொல்ல இருந்த கார் ஸ்டாண்டர்டு ஒன்றே. 1961 முதல் இங்கு ஹெரால்டு வெளிவந்தது. அதன் வழித்தோன்றலாகிய கஸெல் 1972இல் வந்தது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய கார் எதிர்பார்த்த அளவு விற்பனையாகவில்லை. 1980களின் முடிவிற்குள் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று.

தொழிற்சாலை மூடப்பட்டால் அதனுடன் உதிரி உறுப்புகளும் மறைகின்றன. இஞ்சினுக்கு வேண்டிய பிஸ்டன் வளையத்தையோ பேரிங்கையோ சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடிப் பிடிக்கலாம். இல்லையேல் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளலாம். ஆனால் காருக்குள் இருக்கும் பலகை, மூடி, உறை ஆகியவற்றை எவரும் சேர்த்து வைப்பதில்லை. வண்டியை உடைக்கும்போது முதலில் குப்பைக்குப் போகிறவை அவையே. இஞ்சின் நன்றாக இருந்தும், உள்ளே உட்கார முடியாத காரணத்தால் காயலான் கடைக்குப் போன வண்டிகள் உண்டு. ஆகவே இந்தச் சிறு உறுப்புகளைச் சிறு உறுப்புகள் என்று எண்ணுதல் தகாது.

ஹெரால்டின் அமைப்பு

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனம் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டை வெளியிட்டது. அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியராகிய ஜியோவன்னி மிக்கெலோட்டி. அக்காலத்துக் கார்கள் பலவற்றில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டிருக்க, ஹெரால்டில் மட்டும் அடிச்சட்டம் தனியாகவும், உடல் பல துண்டுகளாகவும் அமைந்து, போல்ட்டுகளால் பூட்டப்பட்டன. பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி, வேற்று நாட்டில் பூட்டி முடிக்க இம்முறை வாய்ப்பாக இருந்தது. கழற்றவும் பூட்டவும் எளிதான இந்த அமைப்பே இன்று பழைய வண்டியைப் புதுப்பிப்பவருக்குப் பெருந்துணை.

இக்காலக் கார்களில் இரு முன் இருக்கைகளுக்கும் நடுவே, கியர்க் கம்பியைச் சூழ்ந்து, முன்பலகை வரை நீளும் பகுதியைக் கன்சோல் என்கிறோம். ஹெரால்டில் அந்த இடத்தை இரண்டு உறுப்புகள் நிரப்புகின்றன. ஒன்று, கியர்பாக்ஸின் மேல் கவிழ்த்து வைத்த மூடி. மற்றொன்று, அம்மூடிக்கு மேலே நின்று முன்பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டம். இம்மூடி தகரத்தால் ஆனதன்று. நாரையும் காகிதக் கூழையும் அழுத்திச் செய்த கனத்த அட்டை. காரணம் இல்லாமல் அவ்வாறு செய்யவில்லை. ஹெரால்டின் கியர்பாக்ஸை வண்டிக்கு உள்ளிருந்தே கழற்றி வெளியே தூக்க வேண்டும். ஆகவே எளிதில் எடுக்கத்தக்க, எடை குறைந்த, ஒலியைத் தடுக்கும் மூடி ஒன்று தேவைப்பட்டது.

ஒவ்வொரு முறை கிளட்ச் வேலை வரும்போதும் அந்த மூடி கழற்றப்படும். நாற்பது ஐம்பது ஆண்டுகளில் எத்தனை முறை கழற்றியிருப்பார்கள்! திருகாணித் துளைகள் கிழிந்து, விளிம்புகள் நைந்து, கடைசியில் கோணியால் சுற்றி வைத்த நிலையிலும் ஓடும் வண்டிகள் உண்டு.

கடற்காற்று செய்யும் வேலை

கோவளம் முதல் மாமல்லபுரம், கல்பாக்கம் வரையுள்ள கரையோரத்தில் நிற்கும் வண்டிக்கு வேறொரு பகையும் சேர்கிறது. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் கலந்து உப்பைச் சுமந்து வருகின்றன. உப்பின் இயல்பை நாம் ஆய்வகத்தில் அறிவோம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையலுப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கடற்கரை இரவுகளில் ஈரப்பதம் அதனைத் தாண்டுவது சாதாரணம். எனவே மழையே பெய்யாத நாளிலும், வண்டிக்குள் படிந்த உப்பு இரவில் கரைசலாகவும் பகலில் படிகமாகவும் மாறி மாறி நிற்கும். கரைசலாக இருக்கும் நேரத்தில் இரும்பு துருப்பிடிக்கிறது, அட்டை உப்புகிறது, மரத்தின் மேல்தோல் பசையிலிருந்து விடுபடுகிறது.

கடற்கரைக் கோயிலின் கல்லையே இவ்வுப்பு அரித்திருக்கிறது. கல்லின் நுண்துளைகளில் புகுந்த உப்பை வெளியே இழுக்கத் தொல்லியல் துறையினர் ஈரமான காகிதக் கூழை அதன்மேல் அப்பி, உலரவிட்டு எடுக்கின்றனர். உப்பை நீக்காமல் மேலே எதைப் பூசினாலும் பயன் இல்லை என்பதே அதன் உட்பொருள். காருக்கும் அதே விதிதான். துருவின் மேல் பெயிண்ட் அடிப்பது துருவுக்குப் போர்வை போர்த்துவதற்கு ஒப்பாகும்.

கழற்றும் முறை

முதலில் பாட்டரியின் இணைப்பை நீக்க வேண்டும். எர்த் கம்பியை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகளுள் பாசிட்டிவ் முனை எர்த் ஆக உள்ளவையும் உண்டு. ஆதலால் எது எர்த் என்று கண்ணால் பார்த்தறிந்த பின்னரே கை வைத்தல் வேண்டும்.

அடுத்தது, பதிவு. இருந்த நிலையிலேயே நாற்புறமும் படம் எடுத்துக்கொள்க. ஒவ்வொரு மின்கம்பிக்கும் சீட்டு ஒட்டுக. ஒவ்வோர் இடத்துத் திருகாணிகளையும் தனித்தனி டப்பாவில் இட்டுப் பெயர் எழுதுக. பிரிட்டிஷ் முறை வயரிங்கில் நிறங்களுக்குப் பொருள் உண்டு: பழுப்பு, பாட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை, சாவி திருப்பினால் உயிர்பெறுவது, பச்சை, சாவிக்குப் பின் ஃபியூஸ் வழியாக வருவது, சிவப்பு, சிறுவிளக்குகளுக்கு, கறுப்பு, எர்த். ஆயினும் பல கைகள் பட்ட வண்டியில் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. மீட்டர் வைத்துச் சோதிக்க வேண்டும்.

இனி இருக்கைகளையும் கம்பளத்தையும் எடுத்து, கியர்க் கம்பியின் குமிழையும் ரப்பர் உறையையும் கழற்றி, தாங்கு சட்டத்தை நீக்கினால் மூடி தெரியும். விளிம்பைச் சுற்றியுள்ள திருகாணிகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். வலிந்து திருப்பினால் தலை முறியும். தலை முறிந்தால் தரைத்தகடு கிழியும். முந்தின நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைப்பது நலம். பழைய வண்டிகளின் வெப்பத் தடுப்பு அட்டைகளில் அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும். ஆகவே எந்தப் பழைய அட்டையையும் உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கலாகாது. நனைத்து, மூக்கை முறையாக மூடிக்கொண்டு கையாள வேண்டும்.

பழைய மூடி கிழிந்திருந்தாலும் தூக்கி எறியக்கூடாது. இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் முதன்மையான கருத்து இதுவே. புதிய மூடிக்கு அளவு, வளைவு, துளை அனைத்தையும் சொல்லத்தக்க ஏடு உலகில் அது ஒன்றுதான். தொழிற்சாலையின் வரைபடம் நம்மிடம் இல்லை. கிழிந்த மூடி இருக்கிறது.

படகுக் கலையும் கார்க் கலையும்

டிரையம்ஃப் வண்டிகளை நேசிப்போர் இங்கிலாந்தில் 1977இல் ஒரு சங்கம் கண்டு இன்றும் நடத்தி வருகின்றனர். அந்நாட்டில் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடி இழையிலும் செய்த மாற்று மூடிகள் கிடைக்கின்றன. ஆனால் கடல் கடந்து வரவழைக்கும் செலவும் சுங்கமும் மூடியின் விலையை விஞ்சிவிடும். இங்கு செய்யப்பட்ட வண்டியின் தரை, அங்குள்ள வண்டியின் தரையோடு நூலளவும் மாறாதிருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

செய்யும் ஆற்றல் நம் கரையிலேயே இருக்கிறது. முன்பு கட்டுமரம் மிதந்த நம் குப்பங்களில், குறிப்பாக 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர், ஃபைபர் படகுகளே நிறைந்துள்ளன. படகின் அடி உடைந்தால் கண்ணாடி இழைப் பாயையும் ரெசினையும் கொண்டு அடைக்கும் கைகளுக்கு ஒரு கியர்பாக்ஸ் மூடி பெரிய வேலையன்று. அவர்களுக்கு வேண்டியது நல்ல அச்சு ஒன்றே.

அச்சு எடுக்கும் முறை இது. கிழிந்த மூடியை உட்புறம் கம்பியும் அட்டையும் கொடுத்து ஒட்டி, பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, பள்ளங்களைப் புட்டியால் நிரப்பி வழவழப்பாக்க வேண்டும். அதன்மேல் மெழுகு பூச வேண்டும். இல்லையேல் ரெசின் ஒட்டிக்கொள்ளும். பழைய மூடியின் வெளிப்புறத்திலேயே நேராகப் பாயைப் போர்த்திப் புதிய மூடி செய்தால், புதியது தன் கனத்தின் அளவுக்குப் பெரிதாகும், விளிம்புத் துளைகள் இடம் மாறும், கம்பளம் இறுகும். ஆகவே முதலில் வெளிப்புறத்தில் ஓர் அச்சு எடுத்து, அந்த அச்சின் உட்புறத்தில் புதிய மூடியை வார்ப்பதே முறை. அப்போது புதிதின் வெளியளவு பழையதன் வெளியளவாகவே அமையும்.

ரெசினில் கெட்டியாக்கி சேர்க்கும் அளவு, எடையில் 1 முதல் 2 விழுக்காடு. நம் வெயிலுக்கு 1 விழுக்காட்டை ஒட்டியே போதும். கூடினால் பாயை விரிக்குமுன் ரெசின் இறுகிவிடும். காலை வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பது அறிவுடைமை. ஓர் எச்சரிக்கை: விரைவூக்கியாகிய கோபால்ட் திரவத்தையும் கெட்டியாக்கியாகிய பெராக்சைடையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக்கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முற்றக் கலந்த பின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும். காற்றோட்டமான இடமும் கையுறையும் கட்டாயம்.

இந்த ரெசின் தீப்பற்றக்கூடியது. எனவே மூடியின் உட்புறத்தில் அலுமினியத் தாள் பொருந்திய வெப்பத் தடுப்பை ஒட்டி, புகைக்குழாயிலிருந்து போதிய இடைவெளி இருப்பதை உறுதிசெய்க.

அடைப்பு ஏன் உயிர்காப்பு

புதிய மூடியைப் பொருத்துமுன் தரைத்தகட்டின் விளிம்பை நல்ல நீரால் கழுவி உப்பை நீக்கி, நன்கு உலர்த்தி, துரு சுரண்டி, ரெட் ஆக்ஸைடு பூச வேண்டும். பின்னர் விளிம்பு முழுவதும் ரப்பர்ப் பட்டை ஒட்டி, அதன்மேல் மூடியை அமர்த்தித் திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

இந்த ரப்பர்ப் பட்டை அழகுக்காக அன்று. மூடிக்கு அடியில் இஞ்சினின் சூடும் புகையும் உலவுகின்றன. புகைக்குழாயில் ஒரு கசிவு இருந்து, மூடியில் ஒரு சந்தும் இருந்தால், கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அவ்வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பயணி தலைவலி என்று எண்ணுவார்; ஓட்டுநர் தூக்கம் என்று எண்ணுவார். சோதனை எளிது. இருட்டியபின் ஒருவர் வண்டிக்கு அடியில் டார்ச் விளக்கைப் பிடிக்க, மற்றவர் உள்ளே அமர்ந்து பார்க்க வேண்டும். எங்கே ஒளி தெரிகிறதோ அங்கே புகையும் வரும்.

முன்பலகையும் இயற்பியலும்

டிரையம்ஃப் ஹெரால்டின் முன்பலகை தொடக்கத்தில் அழுத்திய நார் அட்டையாகவும், பின்வந்த மாதிரிகளில் மேல்தோல் ஒட்டிய மரப்பலகையாகவும் இருந்தது. மாற்றுப் பலகை செய்ய நம் தச்சர்கள் போதும். ஆயினும் அவர்களிடம் மூன்று செய்திகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, கனம். பழைய பலகையின் கனமே புதிதற்கும் வேண்டும். கனம் கூடினால் சோக் கம்பியின் மரையும் சுவிட்சுகளின் மரையும் நட்டுக்கு எட்டா. குறைந்தால் மீட்டர்கள் ஆடும். இரண்டாவது, பிளைவுட்டின் இனம். கடற்கரை ஊருக்குச் சாதாரணப் பிளைவுட் ஆகாது, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட் வேண்டும். வச்சிரப் பசை ஈரத்தில் இளகும் என்பதால் மேல்தோல் ஒட்ட நீர் தாங்கும் பசையே ஏற்றது. மூன்றாவது, சமநிலை. முன்புறத்தில் மட்டும் தேக்குத் தோல் ஒட்டினால் பலகை வளையும். ஈரத்திற்கு இருபுறமும் ஒரே அளவில் விரியவில்லை என்பதே காரணம். பின்புறத்திலும் ஒரு தோல் ஒட்டி, துளைகளின் உள்விளிம்புகளுக்கும் வார்னிஷ் பூசினால் வளைவு நீங்கும்.

இனிப் பலரும் மறப்பது ஒன்று உண்டு. தகர முன்பலகை மின்சாரத்தைக் கடத்தும். அதில் பூட்டிய மீட்டர்களுக்கு அதுவே எர்த். ஒரு தகரப் பலகையை நீக்கி மரப்பலகை வைத்தால் எர்த் அறுந்துபோகும். மரப்பலகையிலும் பழைய எர்த் கம்பி உப்பில் அரித்திருக்கக்கூடும். எனவே ஒவ்வொரு மீட்டரின் உறையிலிருந்தும் ஒரு கறுப்புக் கம்பியை எடுத்து உடலின் சுத்தமான இரும்பில் பூட்டுக.

இதனைச் செய்யாவிட்டால் விளக்கு எரியாது என்பதோடு நில்லாது. அக்கால வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் மீட்டருக்கும் வெப்ப மீட்டருக்கும் சராசரியாக 10 வோல்ட் மட்டும் தரும் சிறு கருவி ஒன்று உண்டு. இரு உலோகப் பட்டை ஒன்று சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டித்தும், ஆறியபின் சேர்த்தும் அந்தச் சராசரியைத் தருகிறது. சூடேற்றும் மின்னோட்டம் எர்த் வழியாகவே செல்ல வேண்டும். எர்த் இல்லையேல் பட்டை சூடாகாது, இணைப்பு துண்டிக்கப்படாது, பாட்டரியின் முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போகும். தொட்டியில் இருப்பதைவிட மிகுதியாகப் பெட்ரோல் இருப்பதாக முள் காட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் வண்டி நின்றபின், குற்றம் பெட்ரோல் மீட்டரின் மேல் சுமத்தப்படும். குற்றவாளி ஓர் எர்த் கம்பி!

எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது?

பாதுகாப்புக்கு உரியவற்றைத் தயங்காது மாற்றுக: உறை வெடித்த வயர், நைந்த ரப்பர், கிழிந்த மூடி. ஃபியூஸ் குறைவான பழைய வண்டியில் ஃபியூஸ்களைக் கூட்டுவதும் நன்றே. ஆனால் மீட்டர், குமிழ், பெயர்த்தகடு முதலியன தேய்ந்திருந்தாலும் காக்கத்தக்கவை. புதிய பாட்டுப் பெட்டிக்காக முன்பலகையை வெட்டுவோர் உளர். வெட்டியதை ஒட்ட முடியாது. செய்த வேலையைப் பின்வருவோர் நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலவேண்டும் என்பது கோயில் காப்போருக்கும் கார் காப்போருக்கும் பொதுவான விதி.

இது வசதி படைத்த சிலரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதற்கில்லை. பெருங்களத்தூருக்குத் தெற்கே, அதே நெடுஞ்சாலையில் உள்ள மறைமலை நகரில் ஐக்கன், ஃபிகோ, எக்கோஸ்போர்ட் ஆகிய கார்களை ஃபோர்டு நிறுவனம் தயாரித்தது. 2022இல் அந்த உற்பத்தியும் நின்றது. அக்கார்கள் இன்னும் நம் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றின் கன்சோல், மெல்லிய பிளாஸ்டிக் கொக்கிகளால் மாட்டப்பட்டது. வெயிலில் காய்ந்தபின் கழற்றினால் கொக்கி முறியும். இன்று ஹெரால்டுக்காரர் தேடும் மூடியைப் போல, நாளை ஐக்கன்காரர் ஒரு கொக்கிக்காக அலைவார். அன்று முப்பரிமாண அச்சுப்பொறி உதவலாம். ஆனால் அந்தப் பொறிக்கும் அளவு சொல்ல உடைந்த பழைய துண்டு ஒன்று வேண்டும்.

நம் மாவட்டம் இரண்டு கார்த் தொழிற்சாலைகளின் வாழ்வையும் நிறுத்தத்தையும் கண்டிருக்கிறது. நிறுவனங்கள் வரும், போகும். தச்சரின் உளியும், குஷன் கடைக்காரரின் ஊசியும், குப்பத்துப் படகுத் தொழிலாளியின் தூரிகையும் இங்கேயே இருக்கின்றன. அவற்றோடு வகுப்பறையில் நாம் கற்ற மின்னியலும் வேதியியலும் சேர்ந்தால் பெருங்களத்தூர் பெற்ற பிள்ளை இன்னும் பல்லாண்டு ஓடும். ஆதலின் நண்பர்களே, உங்கள் வீட்டிலோ உறவினர் கொட்டகையிலோ ஒரு பழைய ஹெரால்டு நின்றால், அதனை எடைக்குப் போடுமுன் ஒருமுறை உள்ளே அமர்ந்து பாருங்கள். அதிலிருந்து உடைந்து விழுந்த துண்டையும் எறியாமல் எடுத்து வையுங்கள். அடுத்ததைச் செய்வதற்கு அதுவே அச்சு.